வன்முறைச் செய்தி: செய்முறைத் தேர்வு

முப்பத்தொரு வருஷம் கத்தி பிடித்த கை. ஆனாலும் அந்தக் கையால் கறிக்கடைக்காரர் ஒரு மனிதரை அடித்ததில்லை. வரிசையை முந்திக்கொண்டு வந்து நெஞ்செலும்பு கேட்டுச் சண்டைக்கு நின்றவனிடம்கூட, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்" என்று மட்டும்தான் சொல்வார். யாரிடமும் அடி வாங்கியதும் இல்லை. அப்படிப்பட்டவர் ஐம்பதாவது வயதில் கன்னத்தில் ஓர் அறை வாங்கினார். சந்தையிலோ, சாராயக் கடை வாசலிலோ அல்ல. வானொலி இதழியல் பயிற்சி நிலையத்தில், இரண்டாம் நாள், மூன்றாம் பாடவேளையில்.

அங்கே அவர் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் சந்தையை இடித்ததுதான். வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும் என்று இடித்தார்கள். கடை போனவர்களுக்கு 'இரண்டாம் வாழ்வுத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"கடையில நாள் முழுக்க என்ன செய்வீங்க?"

"கறி வெட்டுவேங்க."

"அது இனிமே கிடையாது. வேற?"

"ரேடியோ கேப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"கடை போட்ட நாள்லேந்து."

குமாஸ்தா 'வானொலித் துறையில் முன் அனுபவம்: முப்பத்தொரு ஆண்டுகள்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

கறிக்கடைக்காரர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஒரு மணிச் செய்தி வரும்போதெல்லாம் வாசிப்பவரோடு சேர்ந்து உதட்டுக்குள் தானும் வாசிப்பது அவருடைய பழக்கம். அது யாருக்கும் தெரியாது. அந்த முத்திரை விழுந்த சத்தத்தைக் கேட்டதும், தெரிந்துபோய்விட்டதோ என்று அவருக்குக் காது சிவந்தது.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். குழம்புல உப்பு இல்லைன்னாகூட வாயைத் திறந்து சொன்னதில்ல. நீங்க ஊருக்கே சேதி சொல்லப் போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

நிலையம் மூன்று மாடிக் கட்டடம். தாழ்வாரம் முழுக்கக் கம்பளம். நடந்தால் நமக்கே நம் காலடி கேட்காது. கதவுக்குக் கதவு மேலே ஒரு சிவப்பு விளக்கு. மாணவர்கள் பதினெட்டுப் பேர், எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கறிக்கடைக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரப் பெண்மணி. ஐம்பத்தேழு வயது. ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காததால் வந்தவர். முதல் நாளே அவர் 'தம்பி' என்றார், இவர் 'அக்கா' என்றார்.

இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். நல்ல குரல். அந்தக் குரலை அவரே ரசித்து ரசித்துப் பேசினார்.

"நம்ம நிலையத்துல வன்முறைக்கு இடமே இல்லைன்னு வெளியில பேசிக்கிறாங்க. கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு. ஆறாம் அறை முழுக்க வன்முறைக்குத்தான் ஒதுக்கியிருக்கோம். ஏசி வசதியோட! பத்திரிகைக்காரன் ரத்தத்தைப் படம் பிடிப்பான். டிவிக்காரன் பக்கத்துல போய்க் காட்டுவான். நமக்கு? ரத்தம் சத்தமில்லாம ஓடுது. அதுதான் நம்ம துறையோட துயரம். அதனால ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. அடிபட்டவன் கத்தணும். கத்தாதவனால நமக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். கறிக்கடைக்காரரும் தட்டினார். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் அக்காவும் தட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மறுநாள் ஆறாம் அறையில் ஒலி ஆசிரியரின் வகுப்பு. ஒல்லியான, மென்மையான மனிதர். கழுத்தில் எப்போதும் ஹெட்போன், இடது கையில் சதுரக் கல் பதித்த மோதிரம். குரலை உயர்த்தவே மாட்டார்.

"பெட்டியில பதிஞ்சு வச்ச சத்தத்தை எடுத்துப் போட்டா அது பொய். நேயர்களுக்குச் செய்யிற துரோகம்" என்றார். "இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேந்து ஒரு பொய் அடிகூட ஒலிபரப்பானதில்ல. நீங்க வாங்க. ஆமா, நீங்கதான்."

கறிக்கடைக்காரர் எழுந்து போனார். ஆசிரியர் மைக்கை அவருடைய தாடைக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தி, "மன்னிச்சுக்கோங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஓர் அறை விட்டார். கறிக்கடைக்காரருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆசிரியர் மீட்டரின் முள்ளைப் பார்த்தார்.

"தாடி இருக்கறதால அமுங்குது. நாளைக்குச் சவரம் பண்ணிட்டு வாங்க."

இரண்டாவது அறை நன்றாக விழுந்தது. ஆனால் பின்வரிசையில் யாரோ இருமிவிட்டார்கள். அதனால் மூன்றாவது. மூன்றாவது பிரமாதம். பிரதி ஒன்று இருக்கட்டும் என்று நான்காவது.

பிறகு இருவர் இருவராகப் பயிற்சி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார், பல்லிக்குக்கூட வழி விடுகிற ஆள். அவர் தன் ஜோடிக்கு விட்ட அறையில் அந்த ஆளின் உதடு கிழிந்தது. "பத்துக்கு ஒன்பது" என்றார் ஆசிரியர். வாத்தியாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாற்பது வருஷம் மார்க்கு போட்டவர் மார்க்கு வாங்கி எத்தனை காலமாயிற்று!

கறிக்கடைக்காரருக்கு ஜோடி தையல்கார அக்கா. கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அடிங்க தம்பி. மார்க்கு போயிரும்."

"முடியலக்கா."

"எனக்கென்ன புதுசா? வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரைக்கும் மார்க்கே இல்லாம வாங்கினவதான். அடிங்க."

கை கீழே இறங்கிவிட்டது. அவருக்குப் பூஜ்யம். வாத்தியாரை வரவழைத்து அக்காவை அடிக்கச் சொன்னார்கள். அடி விழுந்தது. அக்கா அசையவும் இல்லை, முனகவும் இல்லை. கண்ணை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்தே பழகிய வாய் அது.

ஒலி ஆசிரியர் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "எதுவுமே வரலையே. அம்மா, உங்களுக்கு இந்தத் துறையில எதிர்காலம் இருக்கான்னு யோசிக்கணும்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

மூன்றாம் மாதம் களப்பயிற்சி. 'முதலில் ஒலி, பிறகு உதவி' என்பது நிலையத்தின் விதி. அடிபட்டவரிடமிருந்து பன்னிரண்டு விநாடிப் பேச்சு கிடைக்கும்வரை அவரைத் தொடக் கூடாது. கறிக்கடைக்காரர் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த அரை மணி நேரத்தில் நாற்சந்தியில் ஒரு பேருந்து ஒரு மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போனது. ஓட்டி வந்தவனுக்குத் தொடை கிழிந்து ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது. எந்த நரம்பு அறுந்தால் ரத்தம் அப்படி வரும், எத்தனை நிமிஷம் வரும் என்று கறிக்கடைக்காரருக்குத் தெரியும். மைக்கை நீட்டவில்லை. மைக்கின் கம்பியை உருவி, தொடைக்கு மேலே சுற்றி, ரெக்கார்டர் பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைச் செருகி முறுக்கினார். ரத்தம் நின்றது. அவன் இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, விட்டுட்டுப் போயிராதீங்க" என்றான். வண்டி வரும்வரை இவர் விடவில்லை.

இயக்குநர் அறையில் விசாரணை நடந்தது. மேஜைமேல் அந்தக் கம்பி ஒரு பிளாஸ்டிக் உறையில் காய்ந்து கிடந்தது.

"அவன் பிழைச்சுட்டான். சந்தோஷம்" என்றார் இயக்குநர். "ஆனா பிழைச்சான்னு நேயருக்கு எப்படித் தெரியும்? அவன் என்ன சொன்னான்?"

"விட்டுட்டுப் போயிராதீங்கன்னான்."

இயக்குநர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட வாக்கியம்! அது எங்க இப்ப? காத்தோட போச்சு. ஒரு உசுரைக் காப்பாத்துறேன்னு ஒரு வாக்கியத்தைக் கொன்னுட்டீங்களே!"

நிலையச் சொத்தை விதிக்குப் புறம்பாகப் பயன்படுத்திய குற்றத்துக்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதுதான், படிப்பை விட்டுவிடலாமா என்று அவருக்கு முதல் முறையாகத் தோன்றியது. வீட்டில் சொன்னார்.

"விட்டுட்டு?" என்று கேட்டாள் மனைவி.

கடை இருந்த இடத்தில் கார்கள் நின்றுகொண்டிருந்தன.

இறுதித் தேர்வு நெருங்கியது. தரநிர்ணயக் குழு வந்து பார்வையிட்டு நிலையத்துக்கு முதல் தரமா, இரண்டாம் தரமா என்று முடிவு சொல்லும். இறுதித் தேர்வு 'கலவரத்திலிருந்து நேரடி ஒலிபரப்பு'. அந்த வருஷம் பார்த்து ஊர் அடங்கிக் கிடந்தது. கடையடைப்பு இல்லை, ஊர்வலம் இல்லை. இயக்குநருக்குத் தூக்கமே போயிற்று.

"நகரத்துல பொறுப்புணர்ச்சி குறைஞ்சு போச்சு. சரி, நாமளே பண்ணிக்குவோம்" என்றார்.

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். 'கலவரம்: காலை பத்தரை மணி, நடு முற்றம். தேநீர்: பதினொன்றே கால். மாணவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நிற்கவும். தடிகளைப் பண்டக அறையில் கையெழுத்திட்டுப் பெற்று, முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தரவும்.' அடிக்க வராதவர் என்று பெயர் வாங்கிவிட்டதால் கறிக்கடைக்காரருக்கு வர்ணனையாளர் வேலை. முற்றத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, நிலையத்தின் அலைவரிசையில் ஊருக்கே நேரடியாகச் சொல்ல வேண்டும். கவனம் சிதறக் கூடாது என்று கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள்.

வீட்டில் மனைவி பக்கத்து வீட்டுக்காரிகள் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு ரேடியோவைத் திருப்பினாள்.

பத்தரைக்கு இயக்குநர் விசில் ஊதினார். முதல் இரண்டு நிமிஷம் கலவரம் ஒழுங்காக நடந்தது. தடியைத் தடியால் தட்டினார்கள், ஓரமாக ஓடினார்கள். குழுத் தலைவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்த இயக்குநர், "இதுக்குப் பேரு கலவரமா? கோலாட்டமா? மார்க்கு வேணுமா வேணாமா?" என்று கத்தினார்.

மார்க்கு என்ற சொல் முற்றத்தில் விழுந்ததும் ஒரு தடி ஒரு முழங்காலில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் கண்ணாடிக்குள்ளேயே கேட்டது. அடிபட்டவன் விழுந்த இடத்திலிருந்தே அடித்தவனின் காலைக் கடித்தான். ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் கன்னத்தில் வாங்கிச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஒருவர் இன்னொருவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதினார். உடைந்த பல் ஒன்று கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மொழி ஆசிரியர்கள் இருவர், 'தாக்கினர்' என்று சொல்வதா 'மோதிக்கொண்டனர்' என்று சொல்வதா என்று தகராறு செய்து, ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"பேசுங்க! வர்ணிங்க!" என்று ஹெட்போனில் இயக்குநரின் குரல் அலறியது. "காயம் எத்தனை? கோஷம் என்ன?"

கறிக்கடைக்காரர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி அக்காவைத் தேடினார். தையல்கார அக்கா ஒரு தூணோரம் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ அவர் தோளில் அடித்துவிட்டுப் போனார்கள். அவர் சத்தமே போடவில்லை. பிறகு கூட்டம் குறுக்கே வந்து மறைத்தது. கூட்டம் விலகியபோது அக்கா தூணோரத்தில் இல்லை. தடுமாறி நடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார். அங்கே கணக்கு வாத்தியார் இரும்பு மைக் ஸ்டாண்டு ஒன்றைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தார். அதன் அடிப்பாகம் அக்காவின் தலையில் இறங்கியது.

"நான் கண்ணாடி அறையிலேந்து பேசறேன்" என்றார் கறிக்கடைக்காரர்.

செய்தி வாசிக்கிறவரின் குரல் அல்ல அது. கடையில் பேசுகிற குரல்.

"இங்க கலவரம் எதுவும் இல்லீங்க. பரீட்சை நடக்குது. மார்க்குக்காக அடிச்சுக்கிறாங்க. அடிக்கச் சொல்லி விசில் ஊதினது இயக்குநர். ஒரு தையல்கார அக்கா தலையில கணக்கு வாத்தியார் இரும்புக் கம்பியால அடிச்சுட்டார். அக்கா கீழ விழுந்துட்டாங்க. ரத்தம் காதுப்பக்கமா ஓடுது. யாரும் கிட்ட போகல. பக்கத்துல மைக் மட்டும் வச்சிருக்காங்க. கதவைப் பூட்டியிருக்காங்க. யாராச்சும் டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். நாலாவது அடியில் அது உடைந்தது. முழங்கை வரை கிழித்துக்கொண்டு வெளியே குதித்தார். குறுக்கே வந்த இயக்குநரை ஒரு கையால் தள்ளினார். இயக்குநர் தேநீர் மேஜைமேல் போய் விழுந்தார். கறிக்கடைக்காரர் சட்டையைக் கழற்றி, அக்காவின் தலையை மடியில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கத்துங்கக்கா. வலிக்குதுன்னு கத்துங்க."

அக்கா கண்ணை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தார்.

இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. கூட்டி வந்தது கறிக்கடைக்காரரின் மனைவி. 'வாயே திறக்காத மனுஷன் ரேடியோவில் கத்தறாரு' என்று தெருவில் ஓடி, போன் செய்து, கூடவே ஏறி வந்துவிட்டாள். "தேர்வு நேரம், உள்ள விட முடியாது" என்ற வாசல் காவலருக்குக் கையில் இருந்த குடையால் தலையில் ஒன்று வைத்தாள். கதவு திறந்தது.

தையல்கார அக்காவுக்குப் பதினாறு தையல். "என் கையால போட்டிருந்தா இன்னும் நெருக்கமாப் போட்டிருப்பேன்" என்றார் கண் விழித்ததும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே இயக்குநரும் ஒலி ஆசிரியரும் பூங்கொத்தோடு வந்தார்கள். நிலையத்துக்கு முதல் தரம் கிடைத்திருந்தது. 'நம்பகத்தன்மை மெச்சத்தக்கது' என்று குழு எழுதியிருந்தது. இயக்குநர் ஒலிப்பதிவையே கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

"கேளுங்க இன்ஸ்பெக்டர் சார். இந்த இடம். இரும்பு பட்ட சத்தம் எவ்வளவு சுத்தமா இருக்கு! இப்ப, அம்மாவோட குரல் எங்கயாவது கேக்குதா? இல்ல. அடிபட்டவங்களே ஒண்ணும் சொல்லாதப்ப, அடிபட்டாங்கன்னு நாம எப்படிச் சொல்றது?"

ஒலி ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்தார். சேரும்போது மாணவர்கள் போட்ட கையெழுத்து. "இதுல தெளிவா இருக்கே. 'வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டும் அறையும், சக மாணவரால் ஏற்படும் காயமும் பாடத்திட்டத்துக்கு உட்பட்டவை.' கணக்கு வாத்தியார் சக மாணவர். அவரு வேற ராத்திரி பூரா அழுதிட்டிருக்காரு. மாணவர் அடிச்சா படிப்பும்மா. பரீட்சையில ஊழியர் யாராவது கை வச்சிருந்தாத்தான் கேஸ்."

"எங்க ஊழியர்கள் சத்தமாப் பேசக்கூட மாட்டாங்க" என்றார் இயக்குநர்.

அவர்கள் போன பிறகு கறிக்கடைக்காரர் பூங்கொத்தை அக்காவின் கட்டிலுக்கடியில் தள்ளினார். கறிக்கடைக்காரரின் கையில் கட்டு. அக்கா கேட்டார்.

"ரேடியோல என்ன சொன்னீங்க தம்பி? எனக்கு அப்ப ஒண்ணும் கேக்கல."

கறிக்கடைக்காரர் சொன்னார். முதலிலிருந்து, யார் எங்கே நின்றார்கள், என்ன பிடித்திருந்தார்கள் என்று ஒன்று விடாமல். அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைத் தூக்கினார்.

"நில்லுங்க. நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க."

"கூட்டம் மறைச்சுடுச்சுக்கா. அதுக்கப்புறம்தான் நீங்க நடுவுல வந்தது தெரிஞ்சுது."

"நானா எங்க வந்தேன்? தூணோரமா உக்காந்திருந்தேன். ஒலி சார் மைக்கை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சார். 'சத்தம் போடுங்கம்மா'ன்னார். நான் போடல. எனக்கு வராது. பின்பக்கமா வந்து முதுகுல ஓங்கிக் குத்தினார். அப்பவும் வரல. எழுப்பி நிறுத்தி இன்னொண்ணு குத்தித் தள்ளினார். அதுலதான் போய் அந்த வாத்தியார்கிட்ட மாட்டினேன்."

கறிக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டார். "இன்ஸ்பெக்டர் இருந்தப்ப ஏன் சொல்லல?"

"அந்த ஆளு அங்கயே நின்னுட்டிருந்தானே" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "சொல்லிப் பழக்கமில்ல தம்பி" என்றார்.

"எந்தக் கையால குத்தினார்?"

"இடது கை. மோதிரம் குத்துச்சு."

கறிக்கடைக்காரர் நர்சைக் கூப்பிட்டார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டு முதுகைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஐயோ, இதை யாரும் கேக்கவே இல்லையே" என்றாள். தோள்பட்டைக்குக் கீழே இரண்டு கன்றிய தடங்கள். இரண்டின் நடுவிலும் ஒரே மாதிரி சின்னச் சதுரம், நாலு மூலையும் தெரிந்தன. நர்ஸ் அளந்து சொல்லச் சொல்ல, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கறிக்கடைக்காரர் எழுதினார். நேரம், இடம், எத்தனை அடி, எந்தப் பக்கமிருந்து. அக்கா இரண்டு இடத்தில் திருத்தினார். வர்ணனை ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் அக்கா படித்துப் பார்த்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள், தலைக்கட்டோடு அக்காவும், கைக்கட்டோடு கறிக்கடைக்காரரும், குடையோடு அவர் மனைவியும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். ஊழியர் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"இது பெரிய இடத்து விவகாரம்மா. மேல கேக்கணும். அடுத்த வாரம் வாங்களேன்."

அக்கா எழுந்திருக்கப் போனார். கறிக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வாரம் தடம் இருக்காதுங்க" என்றார். "லாரியில அடிபட்டு வந்த ஆட்டையெல்லாம் உரிச்சவன் நான். இன்னிக்கு நீலம். நாளன்னிக்குப் பச்சை. அப்புறம் மஞ்சளாகி மறைஞ்சிரும். அந்தச் சதுரம் இன்னிக்குத்தான் தெரியும். போட்டோ எடுக்க ஆளைக் கூப்பிடுங்க. அவர் மோதிரத்தை வாங்கி வச்சு அளந்து பாருங்க. இப்பவே எழுதுங்க."

"என்னய்யா, ஸ்டேஷன்ல வந்து சத்தம் போடறே?"

"ஆமாங்க. போடறேன். எழுதுங்க."

வெளியே வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களையும் பார்த்தார், குடையையும் பார்த்தார். பெருமூச்சு விட்டுப் பெரிய நோட்டைத் திறந்தார். பேனாவை உதறினார். தாளில் கீறல் விழுந்ததே ஒழிய எழுத்து வரவில்லை.

தையல்கார அக்கா தன் பையைத் துழாவி இன்னொரு பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒலி சார்னு போடாதீங்க. அவரோட முழுப் பேரு எனக்குத் தெரியும், சொல்றேன்" என்றார்.